வீட்டுக்கு பேட்டரி போடலாமா? சுங்கை சிப்புட் பக்கம் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருபது வருஷமாக சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வயரிங் வேலை செய்கிறேன். ஃபேன் மாட்டப் போனாலும், கோவிலில் ஃபியூஸ் மாற்றப் போனாலும், இப்போது எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சோலார் கூட பேட்டரியும் போடச் சொல்றாங்களே, போடலாமா?" ஈப்போவிலிருந்து வரும் விற்பனைக்காரர்கள் தாமான் தாமானாகத் துண்டுத்தாள் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பதினைந்தாயிரம், இருபதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) என்பது நம் வீடுகளில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு. அதனால் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டண விவரம் எல்லாம் 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் இருக்கும் வீட்டுக் கட்டணம். பேட்டரி விலைகள் எனக்கும் நான் வேலை செய்த வீடுகளுக்கும் வந்த கோட்டேஷன்களில் பார்த்தவை.

பேட்டரின்னா என்ன அண்ணே, நம்ம லாரி பேட்டரி மாதிரியா?

வேலை ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. லாரியில் இருப்பது ஈய பேட்டரி. வீட்டுக்கு இப்போது வருவது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட், சுருக்கமாக எல்.எஃப்.பி. சுவரில் மாட்டும் பெட்டியாகவோ, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டிகளாகவோ இருக்கும். பகலில் கூரையில் வரும் கரண்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி கொடுக்கும். கரண்ட் போனாலும் கொடுக்கும், ஆனால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

அளவு யூனிட்டில் பேசுவார்கள். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் கரண்ட். பில்லில் இருக்கும் யூனிட்டும் இதேதான். 5 யூனிட் பேட்டரி, 10 யூனிட் பேட்டரி என்று கேட்டால் கடைக்காரருக்கும் புரியும்.

எனக்கு வேணுமா வேணாமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

யாரிடமும் விலை கேட்பதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டுங்கள். தினமும் மாலை 7 மணிக்கும் காலை 7 மணிக்கும் மீட்டரில் இருக்கும் எண்ணை எழுதுங்கள். ஒரு வாரம் போதும். மாலை 18,442, காலை 18,451 என்றால் அந்த ராத்திரிக்கு 9 யூனிட். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால், நமக்குக் கரண்ட் கொடுக்கும் தெனாகா நிறுவனத்தின் செயலியிலேயே நாள் கணக்கு தெரியும், ஆனால் ராத்திரியைத் தனியாகப் பார்க்க நோட்டுதான் வசதி.

அதே நோட்டின் பின்பக்கத்தில் இன்னொரு கணக்கு. கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை தடவை கரண்ட் போனது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம், அப்போது வீட்டில் எது நின்று போனதால் உண்மையிலேயே கஷ்டமானது. இந்த இரண்டு பக்கமும் நிரம்பினால் பாதி முடிவு ஆகிவிட்டது. நான் போகும் வீடுகளில் பத்துக்கு எட்டில் இந்தக் கணக்கு இல்லாமலேயே கோட்டேஷன் மேசைமேல் இருக்கிறது.

பேட்டரி போட்டா கரண்ட் பில் ஜீரோ ஆயிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

பில்லைக் குறைப்பது கூரையில் இருக்கும் பேனல். பேட்டரி ஒரு யூனிட்கூடத் தயாரிக்காது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும், அதிலும் நூற்றுக்குப் பத்து பங்கு போல வழியில் வீணாகும். ஆகவே "பேனல் எவ்வளவு மிச்சம் பிடிக்கும், பேட்டரி சேர்த்தால் அதற்கு மேல் எவ்வளவு" என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். சேர்த்து ஒரே தொகையாகச் சொல்பவர் பேனலின் லாபத்தைக் காட்டி பேட்டரியை விற்கிறார்.

எங்க வீட்டு பில்லு நாப்பது அம்பது வெள்ளிதான். போடலாமா?

வேண்டாம். 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்கு இப்போது யூனிட்டுக்கு 25 சென் ஊக்கத் தள்ளுபடி இருக்கிறது. 44.43 சென்னில் அது கழிந்தால் 19.43 சென். 200 யூனிட்டுக்கு 39 வெள்ளிகூட ஆகாது. இந்த விலைக்குக் கரண்ட் கிடைக்கும்போது பேனலே காசைத் திருப்பித் தராது, பேட்டரி எங்கே தரும்? அந்தப் பணத்தில் பழைய ஃபிரிட்ஜை மாற்றுங்கள்.

நான் 2022லயே நெம் திட்டத்துல சோலார் போட்டுட்டேன். இப்ப பேட்டரி சேர்க்கலாமா?

காசு மிச்சம் பிடிக்க என்றால் சேர்க்காதீர்கள். நெம் திட்டத்தில் நீங்கள் பகலில் வெளியே அனுப்பும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் கழிக்கிறார்கள். பத்து யூனிட் கொடுத்தால் ராத்திரி பத்து யூனிட் திரும்பி வருகிறது. தெனாகா கம்பியே உங்களுக்கு இலவச பேட்டரி மாதிரி. சொந்த பேட்டரியில் பத்து போட்டால் ஒன்பதுதான் வரும். பதினாறாயிரம் கொடுத்து நஷ்டத்தை வாங்குவானேன்?

அந்த ஒப்பந்தம் பத்து வருஷம். நெம் 2025 ஜூன் 30 அன்று புதியவர்களுக்கு மூடப்பட்டது, ஆனால் ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குப் பத்து வருஷம் முடியும் வரை அதே கணக்கு. நீங்கள் 2022 என்றால் 2032இல் யோசியுங்கள். அப்போது பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் உங்கள் இன்வெர்ட்டரும் பழசாகி மாற்றும் வயதில் இருக்கும், இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம்.

இப்ப புதுசா போடறவங்களுக்கு அந்த ஒண்ணுக்கு ஒண்ணு இல்லையாமே?

ஆமாம். 2026 ஜனவரி 1 முதல் நடப்பது சோலார் அதாப் திட்டம். வீட்டிலிருந்து வெளியே போகும் யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் மட்டும் கழிக்கிறார்கள், சாதாரண வீட்டுக்கு 27.03 சென். நாம் ராத்திரி வாங்கும் யூனிட்டுக்கோ அந்த 27.03, கொள்ளளவுக் கட்டணம் 4.55, கம்பிக் கட்டணம் 12.85 எல்லாம் சேர்ந்து 44.43 சென். வித்தியாசம் 17.40 சென். அந்த மாதம் கழிக்க முடியாமல் மிஞ்சிய தொகை அடுத்த மாதத்துக்கு வராது.

இந்த 17.40 சென்னைக் காட்டித்தான் இப்போது பேட்டரி விற்கிறார்கள். காரணம் நியாயமானதுதான், தொகையைப் பார்க்க வேண்டும்.

அப்ப அதாப்புக்கு பேட்டரி லாபம்தானே? கணக்கு போட்டுக் காட்டுங்க.

10 யூனிட் பேட்டரியை எடுப்போம். அடி மட்டம் வரை இறக்காமல் ஒரு ராத்திரிக்கு 9 யூனிட் எடுக்கலாம். வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிட் எடுக்க 1.1 யூனிட் உள்ளே போட வேண்டும். அந்த 1.1 யூனிட்டை வெளியே விட்டிருந்தால் 29.7 சென் கிடைத்திருக்கும். பேட்டரியில் போட்டு ராத்திரி எடுத்ததால் 44.43 சென் மிச்சம். கையில் நிற்பது யூனிட்டுக்கு 14.7 சென். ஒன்பது யூனிட்டுக்கு ஒரு வெள்ளி முப்பத்திரண்டு சென். மாதம் 40 வெள்ளி. வருஷம் 480.

எனக்கு வந்த கோட்டேஷன்களில் 10 யூனிட் பேட்டரி கூலியோடு 15,000 முதல் 18,000 வெள்ளி. 16,000 என்று வைத்தால் 33 வருஷம். பேட்டரிக்குக் கொடுக்கும் உத்தரவாதம் வழக்கமாக 10 வருஷம். வரியும் ஊக்கத் தள்ளுபடியும் சேர்த்தால் தொகை கொஞ்சம் அசையும், ஆனால் 33 வருஷம் 10 வருஷம் ஆகிவிடாது.

இந்தக் கணக்கை ஒரு மாமாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, விற்பனைக்காரர் கொடுத்த துண்டுத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர், ஆள் கணக்கு, ரப்பர் பால் கணக்கு பார்த்தே பழகியவர். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, "பேனல் மட்டும் போடு தம்பி" என்றார்.

பகல்ல வீட்ல யாருமே இல்ல, முழுசா வெளியதான் போவுது. எங்களுக்காவது?

மாதக் கடைசியில் கழிக்க முடியாமல் தொகை வீணாகிறது என்றால் உங்கள் கணக்கு மாறும். வீணாகப் போவதைத்தான் சேர்த்து வைக்கிறீர்கள், ஆகவே யூனிட்டுக்கு 14.7 சென் இல்லை, முழு 44.43 சென்னும் லாபம். 9 யூனிட்டுக்கு நாளுக்கு 4 வெள்ளி, மாதம் 120. அதே 16,000 வெள்ளி பதினோரு வருஷத்தில் திரும்பும்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி இருக்கிறது: வீணாகும் அளவுக்கு ஏன் பேனல் போட வேண்டும்? நம் ஊரில் ஒரு கிலோவாட் பேனல் மாதம் 100 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே கொடுக்கும். 5 கிலோவாட் என்றால் 500 முதல் 600 யூனிட். வீட்டுச் செலவு 350 யூனிட் என்றால் 3 கிலோவாட் போதும். பேனலை அதிகமாகப் போட வைத்து, மிஞ்சியதற்கு பேட்டரி விற்பதை நான் இந்தப் பக்கம் மூன்று வீடுகளில் பார்த்துவிட்டேன்.

அதாப்பில் பேனல் இருக்கும் வீட்டில் இன்னொரு வழி உண்டு, செலவே கிடையாது. துணி மெஷின், தண்ணீர் மோட்டார், சோறு, மாவு அரைப்பது, இஸ்திரி எல்லாவற்றையும் காலை 10 மணியிலிருந்து மதியம் 3 மணிக்குள் முடிப்பது. வேலைக்குப் போகும் வீடு என்றால் மெஷினில் நேரம் குறித்து வைத்துவிட்டுப் போகலாம். அப்படி நகரும் ஒவ்வொரு யூனிட்டும் 17.40 சென் மிச்சம், ஒரு காசு முதல் இல்லாமல்.

சோலார் இல்லாம பேட்டரி மட்டும் வாங்கி, கரண்ட் மலிவா இருக்கற நேரத்துல சார்ஜ் போட்டா?

நேர வாரிக் கட்டணத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்பது உண்மை. திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை உச்ச நேரம், 28.52 சென். மற்ற நேரமும் சனி ஞாயிறும் 24.43 சென். இரண்டுக்கும் மேல் கம்பியும் கொள்ளளவுமாக 17.40.

வித்தியாசம் 4 சென்தான். மலிவான நேரத்தில் 1.1 யூனிட் உள்ளே போட 46.01 சென் ஆகிறது. அதை உச்ச நேரத்தில் எடுத்தால் 45.92 சென் மிச்சம். எடுக்க எடுக்கக் கைநஷ்டம். விலை வித்தியாசம் பெரிதாக இருக்கும் நாடுகளில் இந்த வித்தை பலிக்கும். அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே கணக்குப் போடாதீர்கள்.

சரி, லாபமே இல்லன்னா நீங்க ஏன் அண்ணே உங்க வீட்ல மாட்டி வச்சிருக்கீங்க?

எங்கள் அம்மாவுக்காக. அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய் ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தோம். கட்டிலுக்குப் பக்கத்தில், சின்ன அலமாரி உயரத்தில், ராத்திரி முழுக்க உர்ர்ர் என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் சாயந்திர மழையில் செம்பனைத் தோப்பு ஓரமாக வரும் கம்பிமேல் மரம் சாய்ந்துவிட்டது. கரண்ட் போனதும் முதலில் அந்த உறுமல் நின்றது. அப்புறம் மெஷின் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. சின்ன சிலிண்டர் ஒன்று இருந்தது, அதில் எத்தனை மணி நேரம் வரும் என்று முள்ளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். கரண்ட் வர மூன்று மணி நாற்பது நிமிஷம் ஆனது. டார்ச் வெளிச்சத்தில் அம்மா என் கையை விடவே இல்லை.

அடுத்த வாரமே 5 யூனிட் பேட்டரிக்குச் சொல்லிவிட்டேன். 9,200 வெள்ளி. பத்து வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 77 வெள்ளி. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அம்மா இருந்தார். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த மெஷின் நிற்கவில்லை. நான் இதை லாபக் கணக்கில் எழுதவே இல்லை.

உங்கள் நோட்டின் பின்பக்கத்தில் இப்படி ஏதாவது இருந்தால், ஆக்சிஜன் மெஷின், தூக்கத்தில் மூச்சுக்குப் போடும் மெஷின், ஃபிரிட்ஜில் இன்சுலின், படுத்த படுக்கையாக இருப்பவரின் காற்று மெத்தை, அப்போது 33 வருஷக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. சிலிண்டரையும் எப்போதும் நிரப்பி வைத்திருங்கள். பேட்டரியும் ஒரு சாமான்தான், பழுதாகும்.

கரண்ட் அப்படி எவ்வளவு தடவைதான் போவுது? இதுக்குப் போய் பத்தாயிரமா?

தீபகற்பம் முழுக்கச் சராசரி பார்த்தால் ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு மணி நேரம்கூட இருட்டு இல்லை. 1996 ஆகஸ்ட் 3 அன்று தீபகற்பமே இருண்டு போனதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள், அப்படிப்பட்டது அரிது. பட்டணத்துத் தாமானில் இருப்பவருக்கு இருட்டுக்காக மட்டும் பேட்டரி தேவையே இல்லை.

சராசரி என்பது எல்லோருடையதையும் கூட்டி வகுத்தது. செம்பனைக்கு நடுவே கிலோமீட்டர் கணக்கில் வரும் கம்பியின் கடைசி வீடு உங்களுடையது என்றால், காற்று மழைக்கு மட்டை விழும், மரம் சாயும், இடி இறங்கும். ஆள் வந்து தேடிக் கண்டுபிடிக்கவும் நேரம் ஆகும். அதற்குத்தான் உங்கள் நோட்டு.

என் கூரையில சோலார் இருக்கு, ஆனா கரண்ட் போனா அதுவும் நின்னுடுதே! ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. வெளியே கம்பி வேலை செய்பவர் உங்கள் கூரைக் கரண்டில் அடிபடக் கூடாது என்பதற்காக, தெனாகா கரண்ட் போனதும் சாதாரண இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும். அது பாதுகாப்பு விதி.

இருட்டிலும் ஓட வேண்டும் என்றால் பேனலையும் பேட்டரியையும் சேர்த்து நடத்தும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும், அதில் தெனாகா கரண்ட் போனாலும் வீட்டுக்குக் கொடுக்கும் பேக்கப் வாய் இருக்க வேண்டும், வீட்டைத் தெனாகா கம்பியிலிருந்து பிரித்துவிடும் சுவிட்ச் வேண்டும். கோட்டேஷனில் "பேட்டரி" என்று மட்டும் போட்டிருந்தால் இருட்டில் அது உதவாமலும் போகலாம். "கரண்ட் போனால் எந்தெந்த ரூமில் எது எரியும்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வேலை முடிந்த அன்று மெயின் சுவிட்சைக் கீழே தள்ளச் சொல்லி நேரில் பாருங்கள். விளக்கு எரிந்த பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.

எத்தனை யூனிட் பேட்டரி வாங்கணும்?

இருட்டுக்காக என்றால் அவசியமானதை மட்டும் கூட்டுங்கள். மூன்று ஃபேன் 180 வாட், நாலு விளக்கு 40, ஃபிரிட்ஜ் ஓடி ஓடி நிற்பதால் சராசரி 60, வைஃபை 10. மொத்தம் 290 வாட். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மூன்றரை யூனிட். 5 யூனிட் பேட்டரி தாராளம். ஆக்சிஜன் மெஷின் 350 வாட் போல இழுக்கும், ராத்திரி பத்து மணி நேரத்துக்கு இன்னொரு மூன்றரை. அப்போது 5 போதாது. எங்கள் வீட்டில் இரண்டு ஃபேனை நிறுத்தித்தான் சமாளித்தோம். முதலிலேயே பின்னால் பெட்டி சேர்க்கக்கூடிய வகையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சுடுதண்ணீர் ஹீட்டரை பேக்கப்பில் சேர்க்கவே கூடாது. மூவாயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். ஒரு வீட்டில் ஹீட்டர், இரண்டு ஏர்கோன் எல்லாவற்றையும் பேக்கப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கரண்ட் போன அன்று யாரோ குளிக்கப் போக, வீடு மொத்தமும் நின்றுவிட்டது. நான் போய்ப் பெட்டியைத் திறந்து கம்பிகளைப் பிரித்துக் கட்டிய பிறகுதான் பேட்டரி உபயோகமானது.

ஏர்கோன் ராத்திரி முழுக்க ஓடணும், அதுக்கு?

ஒரு குதிரைசக்தி ஏர்கோன், இன்வெர்ட்டர் வகை, 25 டிகிரியில் வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு 3 முதல் 4 யூனிட் போகும். பழைய வகை என்றால் 5 யூனிட்டைத் தாண்டும். ஓட வைக்கலாம், ஆனால் அதற்காக மட்டும் இன்னொரு எட்டாயிரம் ஒன்பதாயிரம் கொடுக்கிறீர்கள். குழந்தைக்கு மூச்சுப் பிரச்சினை என்றால் புரிகிறது. இல்லையென்றால் அந்த ஒரு ராத்திரிக்கு ஃபேன் போதும்.

எவ்வளவு வருஷம் தாங்கும்?

எல்.எஃப்.பி பேட்டரிக்கு 6,000 தடவை ஏற்றி இறக்கலாம் என்று போட்டிருப்பார்கள். நாளுக்கு ஒரு தடவை என்றால் பதினாறு வருஷம். ஆனால் சும்மா வைத்திருந்தாலும் வயதாகும். பத்து வருஷ உத்தரவாதம் என்பது, பத்தாம் வருஷம் 60 அல்லது 70 விழுக்காடு அளவு மிஞ்சும் என்ற உறுதி. 10 யூனிட் பேட்டரி அப்போது 6, 7 யூனிட் பேட்டரி. உத்தரவாதத் தாளில் வருஷத்தோடு மொத்த யூனிட் வரம்பும் இருக்கும், எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்தது. அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

எங்க மாட்டறது? போர்ட்டிகோவுல இடம் இருக்கு.

எந்தப் பக்கம் பார்த்த போர்ட்டிகோ? பேட்டரிக்கு எதிரி சூடு. மதியம் நாலு மணிக்கு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பத்து எண்ணும் வரை வைக்க முடியவில்லை என்றால் அங்கே மாட்டாதீர்கள். நாள் முழுக்க நிழல், காற்றோட்டம், மழைச்சாரல் படாத இடம், வெள்ளம் ஏறும் இடமென்றால் இடுப்புக்கு மேல்.

படுக்கை அறை, மாடிப்படிக்குக் கீழே, சாமி விளக்கு எரியும் இடத்துக்குப் பக்கம் வேண்டாம். வெளிக்கதவை அடைக்கும் இடத்திலும் வேண்டாம். கம்பி நுழையும் ஓட்டைகளை இறுக அடைக்கச் சொல்லுங்கள். பல்லியும் எறும்பும் உள்ளே போய் போர்டு கருகிய இன்வெர்ட்டரை வருஷத்துக்கு இரண்டாவது கழற்றுகிறேன்.

தீப்பிடிக்கும்னு ஃபோன்ல வீடியோ வருதே, பயமா இருக்கு.

சுற்றி வரும் வீடியோக்களில் பல, மின்சைக்கிள்களிலும் சில கார்களிலும் இருக்கும் வேறு வகை லித்தியம். எல்.எஃப்.பி எளிதில் தீப்பிடிக்காது. பிடிக்கவே பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலும் காரணம் இறுக்காத திருகு, மெலிந்த கம்பி, இடி. நம் நாட்டில் இடிக்குப் பஞ்சமில்லை. மின்னெழுச்சித் தடுப்பான் பேனல் பக்கத்திலும் ஒன்று, தெனாகா பக்கத்திலும் ஒன்று இருக்க வேண்டும். எர்த் கம்பியை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

வேலை செய்பவர் சுருஹான்ஜாயா தெனாகாவில் (அரசின் எரிசக்தி ஆணையத்தில்) பதிவுள்ள வயர்மேனாகவும், சோலாருக்கு சேடாவில் (அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைப்பில்) பதிவுள்ள நிறுவனமாகவும் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் கோபப்படுபவரை அனுப்பிவிடுங்கள். பிரித்த பழைய செல்களை இணையத்தில் வாங்கி வந்து "நீங்களே கட்டிக் குடுங்க அண்ணே" என்று கேட்கும் தம்பிகளே, தயவு செய்து வேண்டாம்.

நாங்க தோட்டத்து லயத்துலதான் இருக்கோம். எங்களால போட முடியுமா?

வீடு கம்பெனியுடையது, பல தோட்டங்களில் மீட்டரும் கம்பெனி பேரில். உங்கள் பேரில் தெனாகா கணக்கு இல்லாமல் மேலே சொன்ன அதாப் திட்டத்தில் சேர முடியாது, கூரையில் துளை போடவும் அனுமதி வேண்டும். தொழிலாளர் வீடுகளுக்குப் போதுமான கரண்ட் கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. ஆகவே அடிக்கடி கரண்ட் போனால் முதலில் சங்கத்தின் வழியாக நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் சேமிப்பைக் கம்பெனி சுவரில் மாட்டாதீர்கள்.

நான் வளர்ந்தது லயத்தில்தான். சாயந்திரம் ஜெனரேட்டர் போடுவார்கள், ராத்திரி பத்து மணிக்கு நிறுத்துவார்கள், அதற்குள் வீட்டுப்பாடத்தை முடிக்க வேண்டும். அதனால் லயத்திலிருந்து வரும் இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். கையில் தூக்கும் பவர் ஸ்டேஷன் என்று வருகிறது, 1 யூனிட் அளவு, இரண்டாயிரம் மூவாயிரம் வெள்ளி. இரண்டு ஃபேன், இரண்டு விளக்கு, ஃபோன் சார்ஜ், ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். வீடு மாறினால் கூடவே வரும்.

ஜெனரேட்டர் வாங்கினா மலிவா முடிஞ்சிடுமே?

வருஷத்துக்கு இரண்டு தடவை நீண்ட இருட்டு என்றால் ஆமாம், அதுவே சரி. கோவில் திருவிழாவுக்கும் அதேதான். மூன்று நாள் விளக்குக்கு பேட்டரி கேட்டு வந்த கமிட்டிக்கு வாடகை ஜெனரேட்டரைத்தான் சொன்னேன். ஆனால் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, பின்கட்டிலோ, சன்னலுக்கு அடியிலோ ஓட்டாதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த கம்பியால் சுவர் பிளக்கில் சொருகுவதும் கூடாது. மின்கம்பத்தில் வேலை செய்பவர் உயிர் போகும்.

கடையில மீன், கோழி ஃப்ரீசர் இருக்கு. கெட்டுப் போயிடாதா?

நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் 48 மணி நேரம் உறைந்தே இருக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். சாதாரண ஃபிரிட்ஜ் பகுதி நாலு மணி நேரம். ஆகவே மூன்று மணி நேர இருட்டுக்குக் கடைக்காரர் செய்ய வேண்டியது, மூடியில் "திறக்காதீர்" என்று தாள் ஒட்டுவது. காலியான இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து நிரப்புங்கள்.

பேட்டரி எப்பவும் ஃபுல்லா இருக்கட்டும்னு விட்டுடலாமா?

இருட்டுக்காக வைத்திருப்பவர்கள் இப்படித்தான் விடுகிறார்கள். நூறு விழுக்காட்டில், அதுவும் சூட்டில், மாதக்கணக்கில் நிற்பது எல்.எஃப்.பிக்கு நல்லதல்ல. தினமும் கொஞ்சம் இறங்கி ஏறட்டும். அவசரத்துக்கு என்று 50, 60 விழுக்காட்டை ஒதுக்கி வைக்கும் அமைப்பு செயலியிலேயே இருக்கும். தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் ஒரு தடவை முழுதாக ஏற்றுங்கள், அப்போதுதான் எண் சரியாகக் காட்டும். மருத்துவ மெஷின் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சே வேண்டாம். 90க்குக் கீழே விடாதீர்கள், பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தேயட்டும்.

கோட்டேஷன்ல எழுதாத செலவு ஏதாவது உண்டா?

ஒன்றை யாரும் சொல்வதில்லை. பேட்டரியும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் விழித்திருக்கவே 30 முதல் 50 வாட் இழுக்கும். 40 வாட் என்று வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட், மாதம் 13 வெள்ளி வரை. மேலே கணக்குப் போட்ட 40 வெள்ளி லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். ஏற்கெனவே சாதாரண இன்வெர்ட்டர் இருந்தால் அதை மாற்ற ஐயாயிரம் போல ஆகும், அது தனி.

தவணையில் வாங்கினால் மொத்தம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். "வட்டி இல்லை" என்பவரிடம் ரொக்க விலையையும் கேளுங்கள். இரண்டுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம்தான் வட்டி.

மின்சாரக் கார் வாங்கப் போறோம். அப்பவும் பேட்டரி வேணுமா?

சில கார்களில் வெளியே கரண்ட் எடுக்கும் வசதி உண்டு, மூன்று கிலோவாட் அளவுக்குக் கொடுக்கும். காரின் பேட்டரி 50, 60 யூனிட். நான் சொன்ன மூன்றரை யூனிட் ராத்திரியை அது பத்து நாளுக்கு மேல் தாங்கும். அதிலிருந்து நீட்டுக் கம்பி போட்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓட்டலாம், வீட்டு வயரிங்கோடு மட்டும் சேர்க்காதீர்கள். கார் வாங்கும் எண்ணம் ஒரு வருஷத்துக்குள் இருந்தால் அந்த வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், பேட்டரியைத் தள்ளிப் போடுங்கள். கார் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் கரண்ட் போகலாம் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

விலை இன்னும் இறங்குமா? காத்திருக்கலாமா?

லித்தியம் பேட்டரி விலை பத்து வருஷத்துக்கு முன் இருந்ததைவிட மிகவும் இறங்கியிருக்கிறது. மிச்சம் பிடிக்க வாங்குபவர் காத்திருக்கலாம், இழப்பு ஒன்றுமில்லை. பேனல் மட்டும் போடுபவர், ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு எவ்வளவு கூடுதல் என்று கேளுங்கள். ஆயிரம் இரண்டாயிரம் வித்தியாசம் என்றால் அதையே எடுத்து, பேட்டரி வாயை மூடி வைத்துவிடுங்கள். பின்னால் பெட்டியை மட்டும் மாட்டினால் போதும்.

எந்த ஆண்டு வந்தாலும், உங்கள் தாமானுக்கோ தோட்டத்துக்கோ நான் வரும் அன்று ஆணியில் அந்த நோட்டு மாட்டியிருக்கட்டும். அதைப் பார்த்துத்தான் பேச்சையே தொடங்குவேன்.